சென்சிட்டிவ் என்று எழுதிக் கொடுத்த பிறகும்

எண்பதுகளின் நடுவில் நான் திருவனந்தபுரத்தில் ஒரு டி.பி. லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது, வாரந்தோறும் லேபுக்குக் கோழிமுட்டை வரும். கணக்குப் பிரிவுக்குப் புதிதாக மாற்றலாகி வருகிற குமாஸ்தா ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அந்தப் பில்லைத் திருப்பி அனுப்புவார். கபம் பார்க்கிற இடத்துக்கு முட்டை எதற்கு என்று கேட்டு எழுதியிருப்பார். டி.பி. கிருமி முட்டையில்தான் வளரும் என்று நாங்கள் பதில் எழுதுவோம். அடுத்த குமாஸ்தா வரும்வரை நிம்மதி.

முட்டை இட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலக்காத கோழியாக இருக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஸ்பிரிட்டில் போட்டெடுத்து, உடைத்து, உப்புக் கரைசலும் கிளிசரினும் மாலகைட் கிரீன் என்கிற பச்சைச் சாயமும் சேர்த்துக் கலக்குவோம். சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றிச் சாய்த்து வைத்து, 85 டிகிரி சூட்டில் முக்கால் மணி நேரம் உறையவிட்டால் பச்சை நிறத்தில் சரிவாகக் கெட்டியாகிவிடும். லோவன்ஸ்டீன்-ஜென்சன் மீடியம் என்பது இதுதான், எங்களுக்கு எல்.ஜே. நோயாளியின் சளியைக் காஸ்டிக் சோடாவால் சுத்தம் செய்து அதன்மேல் விட்டு, 37 டிகிரி இன்குபேட்டரில் அடுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். குடலில் வாழும் ஈ.கோலை வசதியான இடத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். டி.பி. கிருமிக்கு அதற்கே பதினைந்து இருபது மணி நேரம் வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவு வளர மூன்று நான்கு வாரமாகும். எட்டு வாரம் பார்த்த பிறகே "வளர்ச்சி இல்லை" என்று எழுதலாம். வளர்ந்ததை எடுத்து மருந்து கலந்த குப்பிகளில் மறுபடி விதைத்து, எது வளர்கிறது, எது வளரவில்லை என்று பார்க்க மேலும் ஒரு மாதத்துக்கு மேல் போகும். வளராவிட்டால் சென்சிட்டிவ், வளர்ந்தால் ரெசிஸ்டன்ட் என்று ரிப்போர்ட் எழுதி அனுப்பும்போது அந்த நோயாளி பாதி மருந்தை விழுங்கி முடித்திருப்பார்.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: கிருமி வளர வேண்டும். வளர்ந்தால்தான் எங்கள் கண்ணில் படும், வளர்ந்தால்தான் மருந்து அதைத் தடுக்கிறதா என்று சொல்ல முடியும். நோயாளியின் நெஞ்சுக்குள் வளராமல் கிடப்பதைப் பற்றி அந்தக் குப்பிக்கு ஒன்றும் தெரியாது. அப்படிக் கிடப்பவைதான் ஆறு மாத மருந்துக்குக் காரணம் என்பது என் காதில் விழவே சில வருடங்கள் ஆயின.

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் வெட்டுத் தொழிலாளி வருவார். எனக்கும் மார்த்தாண்டம் பக்கம் என்பதால் என்னைத் தேடி வந்து நிற்பார். எல்லை தாண்டினால் அவருக்கு நாகர்கோவிலைவிட நெய்யாற்றின்கரை பக்கம், திருவனந்தபுரம் பழக்கம். ஒருமுறை டி.பி. வந்து மருந்து முழுதும் முடித்து, கபத்தில் கிருமி இல்லை என்று சர்ட்டிபிகேட்டும் வாங்கிப் போனவர், ஒன்றரை வருடம் போல் கழித்து மெலிந்து இருமிக்கொண்டு வந்தார். ஸ்லைடில் கிருமி. கல்ச்சரில் கிருமி. நான் எதிர்பார்த்தது ரெசிஸ்டன்ஸை. ஆனால் குப்பிகள் வேறு சொல்லின: ஐஎன்ஹெச் மருந்துக்குச் சென்சிட்டிவ், ரிஃபாம்பிசினுக்குச் சென்சிட்டிவ், எல்லாவற்றுக்கும் சென்சிட்டிவ். முதல் தடவை எப்படி இருந்ததோ அப்படியே.

அனுப்பிவைத்த சுகாதார நிலையத்துக் குறிப்பில் ஒரே வரி இருந்தது: நோயாளி மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த வரி தெரியும். கிருமியும் மாறவில்லை, மருந்தும் சரி என்றால் பிறகு மனிதன்தானே தப்பு. அவரிடம் கேட்டேன்.

"சாரே, நான் ஒத்த நாளும் முடக்கேல்ல. அங்கன்வாடி டீச்சருக்க கண்ணு முன்னால தான் குளிகை தின்னேன். வேணுமெங்கி அவியகிட்ட கேளுங்க."

கேட்கவும் கேட்டேன். அந்த டீச்சர் வைத்திருந்த அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அட்டையை எங்கள் லேபுக்குப் பொறுப்பாயிருந்த டாக்டரிடம் கொண்டுபோனேன். மதியச் சாப்பாடு முடிந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவன் தப்புப் பண்ணலைடா. கிருமி உறங்கிப்போச்சு" என்றார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய ஜெராக்ஸ் கட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் இருந்த பெயர்கள்தான் இந்தத் தொழிலில் என்னுடைய இரண்டாவது பள்ளிக்கூடம்.

முதல் பெயர் ஜோசப் பிக்கர், அயர்லாந்துக்காரர். பெனிசிலின் வந்த புதிது. 1944-ல் அவர் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியைப் பெனிசிலினில் போட்டுப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாம் செத்தன. ஆனால் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் ஏதோ சில மிஞ்சின. மிஞ்சியது பெனிசிலினை எதிர்க்கக் கற்றுக்கொண்ட கிருமி என்றால் அதன் குஞ்சுகளும் எதிர்க்க வேண்டும். அவர் வளர்த்துப் பார்த்தார். பழையபடி பெனிசிலினுக்குச் செத்தன, பழையபடி ஓரிரண்டு மிஞ்சின. அதற்கு இரண்டு வருடம் முன்பே கிளாடிஸ் ஹாபி என்ற அம்மையார், பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் பெனிசிலின் கொல்கிறது என்று காட்டியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். பெனிசிலின் கெடுப்பது கிருமி சுவர் கட்டும் வேலையை. சுவரே கட்டாமல் கிடக்கிற கிருமியை அது என்ன செய்யும்? மருந்தைக் கண்டபின் ஒளிவது என்றும் இல்லை. எந்தக் கூட்டத்திலும் ஒன்றிரண்டு முன்கூட்டியே இயக்கத்தைக் குறைத்துக்கொண்டு கிடக்கின்றன. இதை 2004-ல் நதாலி பாலபான் என்ற விஞ்ஞானி ஒவ்வொரு கிருமியாக மைக்ரோஸ்கோப்பில் தொடர்ந்து பார்த்துக் காட்டினார். பிக்கர் அந்த மிச்சத்துக்குப் பெர்சிஸ்டர் என்று பெயர் வைத்தார். அவர் சொன்ன வைத்தியமும் வேடிக்கையானது: பெனிசிலின் கொடு, நிறுத்து, மிச்சம் விழித்துக்கொள்ளட்டும், மறுபடி கொடு. அதற்குப் பிறகு வந்த நாற்பது வருடங்களில் அவரைப் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். புதுப் புது மருந்து வந்துகொண்டிருந்த காலம்; மிச்சத்தைப் பற்றி யார் கவலைப்பட?

டி.பி.க்காரர்கள் மட்டும் மறக்க முடியவில்லை. அவர்கள் கையில் மருந்து வந்த கதையே அப்படி. நான் வேலை பார்த்த இந்த ஊரில்தான் 1948 ஜூன் 30-ஆம் தேதி புதுமைப்பித்தன் டி.பி.யால் இறந்தார், வயது 42. அதே ஜூனில் 17-ஆம் தேதி திருச்சூரில் மலையாளக் கவிஞர் சங்ஙம்புழை இறந்தார், அதே நோய். ஒரே மாதத்தில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் இப்படி. ஸ்ட்ரெப்டோமைசின் டி.பி.யில் வேலை செய்கிறது என்று நிரூபித்த பிரிட்டிஷ் ஆய்வு வெளியானது அந்த வருடம் அக்டோபரில். அந்த ஆய்விலேயே தெரிந்துவிட்டது, ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தால் சில மாதங்களில் கிருமி எதிர்க்கப் பழகிக்கொள்கிறது என்று. அதனால் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 1952-ல் ஐஎன்ஹெச் வந்தது. 1956-ல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கி, வாலஸ் ஃபாக்ஸும் குழுவினரும் சானடோரியத்தில் படுக்கவைத்தாலும் வீட்டில் வைத்துக் கொடுத்தாலும் பலன் ஒன்றே என்று காட்டினார்கள். ஆக்குளம் காயலுக்கு மேலே புலையனார்கோட்டைக் குன்றில் நல்ல காற்றுக்காக நோயாளிகளைப் படுக்கவைத்த காலத்துக்கு அத்துடன் முடிவு எழுதப்பட்டது, அது நடைமுறைக்கு வர இன்னும் பல வருடம் ஆனாலும்.

ஆனால் மருந்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று நீண்டது. ரெசிஸ்டன்ஸைத் தடுக்க இரண்டு மூன்று மருந்து போதும் என்றால் ஏன் இத்தனை மாதம்? நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்ஷ் மெக்டெர்மட்டும் சகாக்களும் ஐம்பதுகளில் சுண்டெலிகளுக்கு டி.பி. உண்டாக்கி, ஐஎன்ஹெச்சும் பைரசினமைடும் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். எலிகளின் உறுப்பை அரைத்துக் கல்ச்சர் போட்டால் ஒன்றும் வளரவில்லை. சுத்தம். மருந்தை நிறுத்தி மூன்று மாதம் சும்மா விட்டுப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எலிகளில் கிருமி திரும்ப இருந்தது. அதுவும் சென்சிட்டிவ் கிருமி. இதைப் படித்தபோது எங்கள் "வளர்ச்சி இல்லை" ரிப்போர்ட்டுகள் மேல் எனக்கிருந்த மரியாதை கொஞ்சம் இறங்கியது உண்மை.

இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தவர் டெனிஸ் மிச்சிசன். சென்னை ஆய்விலும் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகளிலும் லேப் பக்கத்து மூளை அவர்தான் என்று சொல்லலாம். அவர் சொன்னதை எங்கள் டாக்டர் ஒரு காகிதத்தில் நாலு கட்டம் போட்டுக் காட்டினார். நுரையீரலில் புண்ணாகிக் குழியான இடத்தில் காற்று நிறைய, கிருமி மளமளவென்று பெருகும். அவற்றை ஐஎன்ஹெச் முதல் இரண்டு நாளிலேயே பெரும்பாலும் கொன்றுவிடும். அமிலம் மிகுந்த அழற்சிப் பகுதியில் மந்தமாகக் கிடப்பவை இன்னொரு கூட்டம், அவற்றுக்குப் பைரசினமைட். பெரும்பாலும் உறங்கி, அவ்வப்போது சிறிது நேரம் மட்டும் அசைபவை மூன்றாவது. அந்த அசைவுக்குள் பாய்ந்து பிடிப்பது ரிஃபாம்பிசின். முழுக்க உறங்குபவை நான்காவது கட்டம்; அதை அவர் காலியாக விட்டிருந்தார், மருந்து எதுவுமில்லை. ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் சேர்ந்ததால்தான் ஒன்றரை வருடம் ஆறு மாதமாகச் சுருங்கியது. ரெசிஸ்டன்ஸோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. உறங்குபவற்றைப் பிடிக்க முடிந்ததால் வந்த லாபம்.

பைரசினமைடை எங்கள் லேபில் சோதிப்பது ஒரு தலைவலி. சாதாரண மீடியத்தில் அது எதையும் கொல்லாது. அமிலம் சேர்த்தால்தான் வேலை செய்யும். ஆனால் அமிலம் சேர்த்தால் கிருமியே சரியாக வளராது. மருந்தால் வளரவில்லையா, அமிலத்தால் வளரவில்லையா என்று தெரியாமல் முழிப்போம். சோதனைக்குப்பியில் உதவாக்கரை, நோயாளிக்குள் ஆறு மாதத்தைச் சாத்தியமாக்கியது. லேப் ரிசல்ட்டை மட்டும் வைத்து மருந்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் பைரசினமைடை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்று எங்கள் டாக்டர் சொல்வார்.

ரப்பர் வெட்டுக்காரருக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? முதல் இரண்டு மாதத்தில் இருமல் நின்று, பசி எடுத்து, எடை ஏறிய பிறகு இன்னும் நாலு மாதம் ஏன் குளிகை தின்ன வேண்டும் என்று எல்லோரும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டிருந்தார். நான் கோரைப்புல்லைச் சொன்னேன். மேலே பறித்தால் முற்றம் சுத்தமாகத்தான் தெரியும், கிழங்கு உள்ளே கிடக்கும். அவர் கேட்டுவிட்டு, "அப்பொ எனக்க கிழங்கு ஆறு மாசத்திலயும் சாவேல்ல, அப்படித்தானே?" என்றார். அப்படித்தான். ஆறு மாதம் என்பது பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்று ஆய்வில் தெரிந்த கணக்கு; ஒவ்வொருவருக்கும் அளந்து தைத்தது அல்ல. அந்தக் காலத்து விதிப்படி அவருக்கு இரண்டாம் தடவை என்பதால் கேட்டகிரி டூ: எட்டு மாதம், முதல் இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. பழைய மருந்துகளோடு புதிதாக ஒரே ஒரு மருந்தைச் சேர்ப்பது என்ன வைத்தியம் என்று எனக்கு அப்போதே உறுத்தல். சென்சிட்டிவ் கிருமியாக இருந்தால் அந்த ஊசி வீண், ரெசிஸ்டன்ட் கிருமியாக இருந்தால் அந்த ஊசி போதாது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல்தான் அதைக் கைவிடச் சொன்னது. அதற்குள் எத்தனை பேருக்குக் காது மந்தமாகியிருக்கும்!

உறங்கும் கிருமி டி.பி.யின் தனிச்சொத்து அல்ல. சில வருடம் மாலை நேரத்தில் ஒரு தனியார் லேபிலும் வேலை பார்த்தேன். பைக் விபத்தில் தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்த ஒரு பையனின் சீழ் அங்கே திரும்பத் திரும்ப வரும். வந்தபோதெல்லாம் ஸ்டஃபிலோகாக்கஸ், க்ளாக்ஸாசிலினுக்குச் சென்சிட்டிவ். மருந்து கொடுத்தால் ஆறும், நிறுத்தினால் சில வாரத்தில் மறுபடி ஒழுகும். ஒரு ஓணத்துக்கு லேப் மூடியிருந்தபோது பழைய பிளேட்டைத் தூக்கிப் போடாமல் விட்டிருந்தார்கள். திருவோணம் கழிந்து வந்து பார்த்தால் பெரிய மஞ்சள் காலனிகளுக்கு நடுவே ஊசிமுனை அளவில் வேறு காலனிகள். வழக்கமாக இருபத்துநாலு மணி நேரத்தில் பார்த்து எழுதிவிட்டுப் பிளேட்டை எறிந்துவிடுவோம். இந்தச் சின்னவை தெரிய மூன்று நாளாகும். அதே ஸ்டஃபிலோகாக்கஸ்தான், ஆனால் சக்தி உண்டாக்கும் பாதையில் கோளாறாகி மெதுவாக வாழ்வது. மனித செல்லுக்குள்ளேயே குடியிருந்து மருந்தைத் தாண்டிவிடும். பிக்கரின் பெர்சிஸ்டரும் இதுவும் ஒன்றே என்று சொல்ல முடியாது, பங்காளி என்று சொல்லலாம். கம்பியின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு இருக்கும்வரை எந்த மருந்தும் நிரந்தரம் இல்லை. கடைசியில் சர்ஜன் கம்பியைக் கழற்றினார், அதோடு நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டி.பி.யைக் காட்டி எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் நீட்டுகிறவர்கள் உண்டு. அது தப்பு. சாதாரண நிமோனியாவில், மூத்திரக் கிருமியில், மருந்து பெரும்பகுதியைக் கொன்ற பிறகு மிச்சத்தை உடம்பின் வெள்ளணுக்களே துடைத்துவிடும். அதனால்தான் பல நோய்களுக்கு மருந்து நாட்களை இப்போது குறைத்துக்கொண்டு வருகிறார்கள். உடம்பு எட்ட முடியாத இடத்தில் உறங்குகிறதா என்பதுதான் கேள்வி: டி.பி.யின் கட்டிக்குள், எலும்புக் கம்பியின் மேல், இதய வால்வில். தொண்டை வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி விழுங்குவது இந்தக் கணக்கில் எதிலும் சேராது. கேரளத்தில் 2024 தொடக்கத்தில் ஆபரேஷன் அம்ரித் என்று கடைகளில் சோதனை போட ஆரம்பித்தார்கள். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்றால் நடவடிக்கை. இருபது வருடம் முந்தியே செய்திருக்கலாம்.

என் வேலைக்காலத்தில் லேப் முழுக்க மாறிவிட்டது. கார்பால் ஃபுக்ஸின் சூடாக்கி ஆவி பிடித்த இடத்தில் எல்.இ.டி. மைக்ரோஸ்கோப்பும் ஆரமின் சாயமும் வந்தன. முட்டைக் குப்பிக்குப் பக்கத்தில் திரவக் கல்ச்சர் மெஷின் வந்தது. 42 நாளில் நெகட்டிவ் சொல்லலாம், பாசிட்டிவ் என்றால் பத்துப் பதினைந்து நாளில்கூட. பிறகு சிபிநாட், கோவாவில் செய்த ட்ரூநாட் என்கிற மரபணுச் சோதனை மெஷின்கள். இரண்டு மணி நேரத்தில் கிருமி உண்டா, ரிஃபாம்பிசின் ரெசிஸ்டன்ஸ் உண்டா என்று தெரியும். புதிய டாக்டர்கள் சிலர் மருந்து முடியும்போது சிபிநாட் செய்து பார்த்து நிம்மதியடைய ஆசைப்படுவார்கள். கூடாது. அது பார்ப்பது மரபணுத் துண்டை; செத்த கிருமியின் துண்டும் மாதக்கணக்கில் வரும். முட்டைக்குப்பி உறங்குவதைக் காணாது, சிபிநாட் உயிருள்ளதையும் செத்ததையும் பிரிக்காது. குணமாகிவிட்டதா என்று கேட்டால் இன்றும் நேரடியாகச் சொல்கிற மெஷின் ஒன்றுமில்லை.

சளியிலேயே உறங்கும் கிருமி வருகிறது என்பதும் என் காலத்தில்தான் தெரிந்தது. 2008-ல் இங்கிலாந்துக் குழுவொன்று, நோயாளிகளின் சளியில் உள்ள பல கிருமிகளின் வயிற்றுக்குள் கொழுப்புத் துளிகள் இருப்பதைக் காட்டியது. பட்டினிக்காலத்துக்குச் சேமித்து வைப்பது. உறங்கும் கிருமியைத் தட்டி எழுப்பும் புரதம் ஒன்றை விஞ்ஞானிகள் 1998-ல் வேறொரு பாக்டீரியாவில் கண்டுபிடித்திருந்தார்கள். அதைச் சேர்த்துச் சளியைக் கல்ச்சர் போட்டால், வழக்கமாக வளராத கிருமியெல்லாம் வளர்ந்தன. அதாவது நாங்கள் குப்பியில் எண்ணிக்கொண்டிருந்தது சளியில் இருந்ததன் ஒரு பகுதியை மட்டும். இந்தியாவிலும் வேலை நடந்தது. ஆக்ஸிஜன் குறையும்போது டி.பி. கிருமியை உறக்கத்துக்குக் கொண்டுபோகும் மரபணுவை டில்லி எய்ம்ஸில் ஜெயா தியாகியின் குழு 2000-ல் விவரித்தது. தேவ்ஆர் என்பது அவர்கள் வைத்த பெயர். பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸி.யில் பி. அஜித்குமாரின் குழு 2017-ல் காட்டியது என்னை அதிகம் உலுக்கியது: மருந்தில் நெடுநாள் மிஞ்சிக் கிடக்கும் கிருமிகளிலிருந்தே புதிதாக ரெசிஸ்டன்ட் கிருமி பிறக்கிறது. அதுவரை உறக்கம் வேறு, எதிர்ப்பு வேறு என்று இரண்டு தாளில் எழுதிக்கொண்டிருந்தோம். இந்த ஊரிலேயே பூஜப்புரையில் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையத்தில் டி.பி. கிருமிக்கென்றே ஒரு குழு உண்டு. நான் சேர்ந்த காலத்தில் இங்கே யாரும் கனவு காணாதது.

ஆனாலும் எனக்கு மிகப்பெரிய பாடம் சென்னையிலிருந்துதான் வந்தது. ஆறு மாதத்தை நாலாக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ஆசை. காட்டிஃப்ளாக்ஸாசின், மாக்ஸிஃப்ளாக்ஸாசின் சேர்த்தால் சளி சீக்கிரம் சுத்தமாகிறது. எங்களுக்கும் ரொம்ப நம்பிக்கை. சென்னை மையம் வாரம் மூன்று நாள் என்று நாலு மாதம் கொடுத்துப் பார்த்தது. மருந்து முடியும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு நோய் திரும்புவது அதிகமாக இருந்ததால் ஆய்வையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2014-ல் வெளிவந்த வெளிநாட்டு ஆய்வுகளிலும் அதே கதை: சீக்கிரம் நெகட்டிவ், ஆனால் அதிகம் திரும்பியது. சளி எவ்வளவு சீக்கிரம் சுத்தமாகிறது என்பதை வைத்து மிச்சத்தை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சென்னைக்காரர்கள் செய்த இன்னொரு வேலையும் உண்டு. திரும்ப வந்தவர்களின் பழைய கிருமியையும் புதியதையும் கைரேகைபோல ஒப்பிட்டு 2010-ல் எழுதினார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களில் பெரும்பாலும் வெளியிலிருந்து புதிதாகத் தொற்றியது. எச்.ஐ.வி. இல்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பழைய கிருமியே விழித்தது. அந்தக் கட்டுரையைப் படித்தபோது ரப்பர் வெட்டுக்காரர் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்?

நான் பார்த்த இன்னொரு மாற்றம் தினமருந்து. பல வருடம் வாரம் மூன்று நாள் மருந்துதான். டி.பி. கிருமியை மருந்தில் சில மணி நேரம் வைத்து எடுத்தால் மறுபடி வளரத் தொடங்கச் சில நாளாகும் என்ற பழைய சோதனைதான் அதற்கு அடிப்படை. ஒரு வேளை தவறினால் இடைவெளி நாலைந்து நாளாகிவிடும் என்பதைக் காகிதத்தில் யோசித்தவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. 2016-ல் தினமருந்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த ஐந்து மாநிலங்களில் கேரளமும் ஒன்று. அடுத்த வருடக் கடைசியில் நாடு முழுதும். அதே 2016-ல் பெடாகுவிலின் இந்தியாவுக்கு வந்தது. கிருமி உறங்கினாலும் மூச்சு அடங்கிவிடாது. சக்தியைக் கொஞ்சமாவது உண்டாக்கித்தான் ஆக வேண்டும். அந்த இடத்தில் கைவைப்பது இது. பிரிட்டோமானிட் என்ற இன்னொரு மருந்து ஆக்ஸிஜன் இல்லாத இடத்திலும் கொல்லும். இரண்டையும் இன்னும் இரண்டு மருந்தோடு சேர்த்து, பதினெட்டு மாதம் இரண்டு வருடம் என்று இழுத்த மல்டி டிரக் ரெசிஸ்டன்ட் டி.பி.யை ஆறு மாதத்தில் முடிக்கும் முறைக்கு 2024-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. உறங்குபவற்றை மனதில் வைத்தே மருந்து தேட ஆரம்பித்ததன் பலன் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது மிச்சமிருப்பது நோயே வராதவர்களின் உறக்கம். 2019-21 தேசிய சர்வேயில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 31 சதவீதம் பேர் டி.பி. கிருமியைச் சந்தித்தவர்கள் என்று தெரிந்தது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. டென்மார்க்கில் ஒருவருக்குத் தன் தகப்பனிடமிருந்து வந்த கிருமி 33 வருடம் உறங்கி எழுந்ததை மரபணு ஒப்பிட்டு நிரூபித்திருக்கிறார்கள். கேரளத்தில் எழுப்புகிற ஆள் பெரும்பாலும் சர்க்கரை நோய். மழைக்காலத்தில் இங்கே தலைகாட்டும் மெலியாய்டோசிஸும் சர்க்கரை உள்ளவர்களைத்தான் தேடிப் பிடிக்கும். அதற்கும் ஊசி முடிந்தபின் மூன்று மாதம் மாத்திரை, இதே காரணத்துக்காக.

சமீபத்தில் என் ஊரில் பக்கத்து வீட்டில் ஒரு தாத்தாவுக்கு டி.பி. வந்தது, முப்பது வருடச் சர்க்கரைக்காரர். கூட இருந்த பேத்திக்குத் தோலில் ஊசிச் சோதனை பாசிட்டிவ், எக்ஸ்ரே சுத்தம். பெங்களூருவில் நர்சிங் படிக்கிற பிள்ளை. தடுப்பு மருந்து எழுதியதும் அவள் அம்மா சீட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஒரு கொழப்பமும் இல்லாத பிள்ளைக்கு எதுக்கு அண்ணே குளிகை? கபத்தில ஒண்ணும் இல்லேன்னுல்லா எழுதியிருக்கு?"

கபத்தில் இல்லாததுதான் இதில் விஷயம் என்று சொன்னேன். கிருமி உள்ளே உறங்குகிறதா, எப்போதோ செத்துவிட்டதா என்று அந்த ஊசிச் சோதனை சொல்லாது, சொல்கிற சோதனை இன்னும் வரவில்லை, வரும்வரை காத்திருப்பதைவிட வாரத்துக்கு ஒருநாள் வீதம் பன்னிரண்டு வாரம் போட்டு முடித்துவிடுவது மேல் என்றும் சொன்னேன். அவளுக்குச் சமாதானமில்லை, பிள்ளைதான் தானே முடிவெடுத்துப் போட ஆரம்பித்தாள். இரண்டாவது வாரம் ஹாஸ்டலிலிருந்து போன். மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகிறது, மாமா, நிறுத்தட்டுமா என்று கேட்டாள். அந்தக் குளிகையில் இருக்கிற ரிஃபாபென்டின் அப்படித்தான் செய்யும், நிறுத்தாதே, கண் மஞ்சளானால் மட்டும் உடனே டாக்டரைப் பார், அடுத்த சனிக்கிழமையும் மறக்காமல் போடு என்றேன். இந்தச் சனிக்கிழமை ஏழாவது டோஸ்.